ஆணுறுப்பில் புற்றுநோய்: வெட்கப்பட்டு மறைச்சா ஆபத்து! சீக்கிரம் வந்தா உறுப்பை காப்பாற்றலாம்

புதுச்சேரி: ஆணுறுப்பில் புற்றுநோய் என்றாலே 'அறுத்து எடுத்துடுவாங்க' என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்த பயத்திலேயே புண்ணை மாதக்கணக்கில் மறைத்து வைத்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள். ஆரம்பத்திலேயே வந்துவிட்டால் நோயை மட்டும் அகற்றி, உறுப்பை காப்பாற்ற இன்று வழி இருக்கிறது.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 36 ஆயிரம் ஆண்களுக்கு இந்த நோய் வந்ததாக கணக்கிடப்பட்டுள்ளது. மேலை நாடுகளில் இது ரொம்ப அபூர்வம். இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் அதிகம்.

யாருக்கு வரும்?

முன்தோல் பின்னுக்கு தள்ள முடியாதபடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுக்கு தேங்கி அடிக்கடி புண்ணாகும். அதுவே நாளடைவில் புற்றுநோயாக மாறலாம். பீடி, சிகரெட், புகையிலை பழக்கமும் ஒரு காரணம். பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தைப் பருவத்திலேயே சுன்னத் செய்தவர்களுக்கு இது வருவது மிகக் குறைவு.

ஜிப்மர் கண்டுபிடிப்பு

கட்டி தெரியும் இடத்தில் இருந்து 2 செ.மீ. தள்ளி, நல்ல சதையையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பதுதான் பழைய விதி. இந்த உறுப்பில் 2 செ.மீ. என்பது சாதாரண இழப்பா?

புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள், ஆபரேஷனில் அகற்றப்பட்ட 64 பேரின் உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து 2000-ம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். வீரியம் குறைந்த ரகத்தில், கண்ணுக்கு தெரியும் கட்டியை தாண்டி நோய் 5 மி.மீ.க்கு மேல் பரவவில்லை. வீரியம் அதிகமான ரகத்தில் கூட 10 மி.மீ.தான். 2005-ல் லண்டன் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்விலும், குறைவாக வெட்டினாலே போதும் என்பது உறுதியானது.

எப்படி செய்கிறார்கள்?

முதலில் சின்ன துண்டு சதை எடுத்து பரிசோதிப்பார்கள். நோய் மேல்தோலோடு நின்றிருந்தால் களிம்பு அல்லது லேசர் சிகிச்சை. முன்தோலில் மட்டும் என்றால் அந்த தோலை மட்டும் நீக்குவார்கள். மொட்டின் மேற்பரப்பில் பரவியிருந்தால், அந்த தோலை உரித்து எடுத்துவிட்டு, தொடையில் இருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். மொட்டுக்குள் இறங்கியிருந்தால் மொட்டை மட்டும் அகற்றிவிட்டு, நுனியில் தோல் ஒட்டி புது மொட்டு போல் அமைப்பார்கள்.

இதனால் நின்றபடியே சிறுநீர் கழிக்கலாம். பலருக்கு தாம்பத்தியமும் தொடரும். உறுப்பை முழுசா எடுத்தால் விதைப்பைக்கு கீழே புது வழி வைப்பார்கள். பிறகு காலம் முழுக்க உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும்.

ஆபரேஷனோடு முடியாது

உறுப்பை காப்பாற்றும் சிகிச்சையில் ஒரு சிக்கலும் உண்டு. அதே இடத்தில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். உடனே கண்டுபிடித்தால் மறுபடி ஆபரேஷன் செய்து சரி செய்யலாம். அதனால் முதல் 2 வருஷம் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு 5-வது வருஷம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் செக்கப் அவசியம். 'சரியாயிடுச்சு' என்று நின்றுவிடக் கூடாது.

தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். நோய் அங்கே பரவியதா, இல்லையா என்பதை வைத்துத்தான் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று முடிவு செய்வார்கள்.

உஷார்!

3 வாரம் ஆகியும் ஆறாத புண், வலி இல்லாத கட்டி, சிவந்த திட்டு, முன்தோலுக்குள் இருந்து நாற்றத்துடன் நீர் அல்லது ரத்தம் வடிதல், இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரை பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கி தடவிக்கொண்டு நாளை கடத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் ஜிப்மரிலும் சிறுநீரக அறுவை சிகிச்சை பிரிவு இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரிடம் காட்ட வெட்கம் வேண்டாம். அவர்களுக்கு இதுவும் ஒரு புண்தான்.