சீனாவின் டைப் 99ஏ டாங்கி: பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்! எப்படி?

2015 செப்டம்பர் 3-ம் தேதி பெய்ஜிங்கில் நடந்த ராணுவ அணிவகுப்பில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது டைப் 99ஏ டாங்கி. சீனத் தரைப்படையின் கனரக டாங்கி வரிசை இது. இதன் பெரிய பலமும், பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கு. அது என்னன்னு பார்க்கலாம்.

உள்ளே எத்தனை பேர்?

மூன்றே பேர்தான். கமாண்டர், கன்னர், டிரைவர். அமெரிக்காவின் ஆப்ராம்ஸ், நம்ம அர்ஜுன் டாங்கிகளில் நான்கு பேர் இருப்பாங்க. அந்த நான்காவது ஆளின் வேலை, குண்டை எடுத்து பீரங்கியில் போடுவது. டைப் 99ஏ-வில் அதை ஆட்டோலோடர் என்ற இயந்திரமே செய்துவிடும்.

ஒரு ஆள் குறைந்தால், கவசம் போட்டு மூட வேண்டிய இடம் குறையும். எடையும் குறையும். அர்ஜுன் மார்க் 1ஏ-வின் எடை 68 டன். டைப் 99ஏ சுமார் 55 டன்தான். அதை இழுப்பது 1,500 குதிரைத்திறன் டீசல் என்ஜின்.

என்னென்ன ஆயுதங்கள்?

முக்கிய ஆயுதம் 125 மி.மீ. பீரங்கி. குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். எதிரி டாங்கியைத் துளைக்க இதிலிருந்து பாய்வது, ஈட்டி போன்ற நீளமான உலோகக் கம்பி. அதில் வெடிமருந்து இருக்காது. வேகத்தாலேயே கவசத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

இதே குழாய் வழியாக ஏவுகணையையும் ஏவலாம். இதுதவிர, பீரங்கிக்குப் பக்கத்தில் 7.62 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி ஒன்று, மேலே 12.7 மி.மீ. துப்பாக்கி ஒன்று.

கவசம் எப்படி?

பல பொருட்களை அடுக்கிச் செய்த கவசம். அதற்கு மேல் செங்கல் பதித்தது மாதிரி வெடிமருந்துப் பெட்டிகள். ஏவுகணை வந்து மோதினால் அந்தப் பெட்டி வெளிப்பக்கமாக வெடித்து, துளைக்கும் சக்தியைச் சிதறடிக்கும்.

சரி, பலவீனம் எங்கே?

அந்த ஆட்டோலோடரில்தான்! சோவியத் டி-72 வழியில் வந்த அமைப்பு இது. வீரர்களின் காலுக்குக் கீழே ராட்டினம் மாதிரி ஒரு வட்டத்தட்டு. அதில் 22 குண்டுகள், அவற்றைத் தள்ளும் வெடிமருந்தோடு தயாராக இருக்கும். கவசத்தை மீறி ஏதாவது உள்ளே போய் அது தீப்பிடித்தால், மூன்று பேருக்கும் தப்பிக்க நேரமே கிடைக்காது.

உக்ரைன் போரில் ரஷ்ய டாங்கிகளின் சுழலும் மேல்பகுதி, அதாவது டரட், அப்படியே பிய்ந்து பறந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. காரணம் இந்த அமைப்புதான்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

இந்திய ராணுவத்தின் டி-72, டி-90 டாங்கிகளிலும் இதே ராட்டின அமைப்புதான். இவற்றில் பலவற்றைத் தயாரித்தது சென்னையை அடுத்த ஆவடி தொழிற்சாலை. அதனால் இந்த ஆபத்து எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கு.

2020 லடாக் பதற்றத்தின்போது சீனா அங்கே நிறுத்தியவற்றில் இலகுரக டைப் 15 டாங்கியும் ஒன்று. காற்று மெலிந்த மலைப்பகுதியில் என்ஜின் திணறும் என்பதால், சுமார் 35 டன்னிலேயே அதை வடிவமைத்தார்கள். பீரங்கியும் சிறியது, 105 மி.மீ. முக்கியமாக, அதன் ஆட்டோலோடர் வீரர்களின் காலடியில் இல்லை, டரட்டின் பின்பகுதிக்குப் போய்விட்டது.

இதற்குப் பதிலடியாக இந்தியா உருவாக்கியதுதான் 25 டன் ஜொராவர். டிஆர்டிஓ-வின் ஆவடி ஆய்வகமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த இந்த டாங்கி, 2024 டிசம்பரில் 4,200 மீட்டர் உயரத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டது.

ஒரு டாங்கியைப் பற்றிப் பேசும்போது முதலில் பீரங்கி எவ்வளவு பெரிசுன்னுதான் கேட்போம். குண்டுகளை எங்கே வைத்திருக்காங்கன்னும் சேர்த்துக் கேட்கணும். உள்ளே இருக்கும் மூன்று பேரும் உயிரோடு வெளியே வருவது அதைப் பொறுத்துதான்.