உங்களுக்குத் தெரியுமா? குடித்தவருக்குக் குடவோலை இல்லை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் உள்ளன. பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் ஒரு விதி மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. பெரும் பாதகங்களில் முதல் நான்கில் ஒன்றைச் செய்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அந்த நான்கில் ஒன்று கள் குடிப்பது! குற்றம் செய்தவரோடு அவருடைய உறவினருக்கும் தடை. (இன்று அதே விதி இருந்தால் எத்தனை வேட்புமனு தேறும்?)

குடியை நாம் குணக்கேடு என்கிறோம். மருத்துவம் நோய் என்கிறது. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார்.

மாலை போட்டோ, கோயிலில் சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்துவது நம்மூர் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால், உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். குடித்தபின் கண் மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள்.

போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு: 14446, கட்டணமில்லை.