சூட்டில் பிரியும் இரட்டை இழை



சென்ற மாத உரை முடிந்ததும் ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, மகனைக் கூப்பிடுறதுக்கு எங்களிட்ட டி.என்.ஏ சோதனை கேட்டவை. அதைக் கொதிக்கிற அளவுக்குச் சூடாக்குவினமாம். எரிஞ்சு போகாதோ?" ஒலிபரப்பில் நேரம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

டி.என்.ஏ இரு புரிகள் முறுக்கிய கயிறு போன்றது. ஒவ்வொரு புரியின் நெடுகிலும் உள்ள பிணைப்பு பலமானது. புரிகளைக் குறுக்கே பிடித்திருப்பவை மெலிந்த ஐதரசன் பிணைப்புகள். அடினைன்-தைமின் சோடியில் இரண்டு, குவானின்-சைற்றோசின் சோடியில் மூன்று. 95 பாகை செல்சியஸ் அளவில் இந்தக் குறுக்குப் பிணைப்புகளே விடுபடும். எழுத்து வரிசை அப்படியே இருக்கும்.

ஆனால் கயிறு நுனியிலிருந்து மட்டும் பிரிவதில்லை. அடினைனும் தைமினும் மிகுந்த இடங்களில், நடுவிலேயே, முதலில் சிறு குமிழிகள் திறக்கும். உடல் வெப்பநிலையிலும் இப்படிக் கணநேரம் திறந்து மூடும்.

1989 இல் மிஷேல் பெயரார், அலன் பிஷப் இருவரும் இதற்கு ஒரு கணித மாதிரி தந்தார்கள். எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். முறுக்கையும் சுற்றியுள்ள நீரையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சோடிக்கும் ஒரேயொரு எண்: இரு பக்கமும் எவ்வளவு விலகியுள்ளன என்பது. கிட்ட இருந்தால் ஒன்றையொன்று இழுக்கும்; தூரப் போனால் கைவிட்டுவிடும். அயற் சோடிகளை ஒரு வில் இணைக்கும். சூடு எல்லாவற்றையும் உலுப்பும். 1993 இல் தியெரி டோக்சுவாவுடன் சேர்ந்து ஒரு திருத்தம் செய்தார்கள்: ஒரு சோடி திறந்தால் பக்கத்து வில் தளரும். ஆகவே அடுத்ததும் இலகுவில் திறக்கும். சில பாகைகளுக்குள் முழு இழையும் சட்டென்று பிரிவதை இது விளக்கியது.

மரபணு வாசிப்புத் தொடங்கும் இடத்தையும் இந்தக் குமிழிகளே காட்டுகின்றன என்று 2004 இல் சிலர் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு சிலர் கணித்துப் பார்த்து மறுத்தார்கள். என் கணிப்பில் மறுத்தவர்கள் பக்கமே நியாயம் அதிகம். உயிருள்ள கலத்தில் இழையைத் திறக்கப் புரதங்கள் இருக்கின்றன.

சோதனைக்கூடத்தில் அந்த வேலையைச் சூடு செய்கிறது. பிறகு சூட்டைக் குறைப்பார்கள். தனித்த இழைகளில் சிறு தொடக்கத் துண்டுகள் ஒட்டும். வெந்நீரூற்றுப் பற்றீரியாவில் கண்டெடுத்த, சூட்டைத் தாங்கும் நொதியம் மறு இழையைக் கட்டும். மீண்டும் சூடு, மீண்டும் தணிவு. 30 தடவை இரட்டித்தால் ஒரு பிரதி கணக்கில் 107 கோடியாகும். பிள்ளைக்குத் தாயிடமிருந்து வந்த பாதியையும் தகப்பனிடமிருந்து வந்த பாதியையும் ஒப்பிட அது தாராளம்.