வழியறியும் பூச்சியும் வழிகற்கும் புள்ளும்

பிறவியிலேயே பெற்றுவரும் அறிவு எது, பிறந்தபின் ஈட்டும் அறிவு எது என்னும் வினா ஆசிரியத் தொழில் பூண்டார்க்குப் புதிதன்று. அதற்கு விடையின் ஒரு கூற்றை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் இரு சிற்றுயிர்களிடத்துக் காணலாம். ஒன்று மொனாக் எனப்படும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி. மற்றையது இண்டிகோ பண்டிங் எனப்படும் பாடும் பறவை. (நீலநிறம் ஆணுக்கே உரியது, பெண் கபில நிறத்தது.) பூச்சியின் நிறை ஏறக்குறைய அரைக் கிராம், பறவையினது ஏறத்தாழ 14 கிராம். இலையுதிர் காலத்தில் இரண்டும் தெற்கு நோக்கிப் புறப்படும். பூச்சி பகலிற் செல்லும். பறவை இரவிற் செல்லும்.

மெக்சிக்கோ நாட்டு மலைக்காடுகளில், ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில், மொனாக் கூட்டங்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் ஆய்வாளர்க்கு 1975ஆம் ஆண்டிலேதான் புலனாயிற்று. அங்குச் செல்லும் பூச்சி அவ்விடத்தை முன்னர்க் கண்டதன்று. இளவேனிலில் அங்கிருந்து வடக்கே மீண்டவை வழியில் முட்டையிட்டு மாள, அவற்றின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளுமே மீண்டும் தெற்கே வருகின்றன. கற்பிப்பார் ஒருவருமிலர். சூரியனே அவற்றின் திசைகாட்டி. சூரியனோ பொழுதுதோறும் இடம்பெயர்வது. ஆதலின் நேரமும் அறிதல் வேண்டும். அந்த நேரங்காட்டி உணர்கொம்புகளில் உள்ளதென 2009இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. உணர்கொம்பிற் கரிய பூச்சு இடப்பட்ட பூச்சிகள் திசை தவறின. ஒளிபுகும் பூச்சு இடப்பட்டவை தவறவில்லை.

பறவையின் கதை வேறு. கோர்ணல் பல்கலைக்கழகத்து ஸ்ரீபன் எம்லென் 1970இல் வெளியிட்ட சோதனை இங்குக் கருதத்தக்கது. புனல் வடிவான கூட்டின் அடியில் மை தோய்ந்த திண்டு. பறவை பாயுந்தோறும் அதன் காற்சுவடு சரிந்த வெள்ளைத் தாளிற் பதியும். கையால் வளர்த்த குஞ்சுகளுள், விண்மீன்களைக் காணாது வளர்ந்தவை பருவம் வந்ததும் திசையறியாது எப்பக்கமும் பாய்ந்தன. துருவ மீனை நடுவாகக் கொண்டு சுழலும் வானைக் கோள்மண்டலத்திற் கண்டவை தெற்கே முனைந்தன. மூன்றாவது கூட்டத்திற்குத் திருவாதிரையை நடுவாகக் கொண்டு சுழலும் பொய்வானை அவர் காட்டினார். அவை திருவாதிரையையே வடதிசையாகக் கொண்டு, அதற்கு எதிர்ப்புறமாகப் பாய்ந்தன!

வானத்தின் அசையா நடுவைத் தேடுக என்னும் ஏவல் குஞ்சோடு பிறந்தது. அந்நடு எதுவென்பதைக் குஞ்சே கற்கவேண்டும். இதற்குத் தக்க காரணமுண்டு. புவியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிட்டு வருவதால், துருவ மீன் என்னும் பதவியே நிலையற்றது. விண்மீன் படத்தைப் பிறவிச் சொத்தாகப் பெற்ற பறவையினம் சில ஆயிரம் ஆண்டுகளில் வழி தவறியிருக்கும். மொனாக் நம்பியிருக்கும் சூரியனுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை.