இடைவேளையில் இருபது நிமிடம்

2014இல் மகப்பேறு விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது என் மகளுக்கு ஐந்து மாதம். அப்போது விடுப்பு ஆறு மாதம்தான். அதில் ஒரு மாதம் பிரசவத்துக்கு முன்பே கழிந்திருந்தது.

முதல் நாள் நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கு. பதினொரு மணிக்குள் மார்பு கல்லாகக் கட்டிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பியே நின்றேன். இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டேன். எடுத்து வைத்த பால் கெட்டுவிடும் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அதே நேரத்தில் என் மாமியார் பேத்திக்குப் பசும்பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டே வாரத்தில் பால் குறைந்தது. வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழுதேவிட்டேன். அவர் சொன்னார்: "டீச்சரம்மா, இறைக்கிற கிணறுதானே ஊறும்? பள்ளிக்கூடத்துலயும் எடுங்க. ஆனா கொட்டாதீங்க."

ஏன் எடுக்க வேண்டும்?

பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். தேங்கினால் சுரப்பு குறையும். கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரலாம். எனவே குழந்தையைப் பிரிந்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்று மணிக்கு ஒருமுறை பால் எடுப்பது நல்லது. பள்ளி நாளில் காலை இடைவேளை, மதிய உணவு நேரம் என இரண்டு முறை எடுக்கலாம்.

எப்படி எடுப்பது?

கையைச் சோப்பால் கழுவுங்கள். கட்டைவிரலைக் கருவளையத்தின் மேல் விளிம்பிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் விளிம்பிலும் வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலித்தால் முறை சரியில்லை என்று பொருள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். குழந்தையின் படத்தைப் பார்த்தால் பால் இறங்குவது எளிதாகும். பம்ப் வைத்திருப்பவர்கள், பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது?

கொதிநீரில் போட்டெடுத்த, இறுக மூடும் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். மூடியில் தேதியும் நேரமும் எழுதுங்கள். 25 டிகிரி வரையுள்ள அறையில் பால் 4 மணி நேரம் இருக்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்ப முடியாது. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 நாள்; கதவில் வைக்காமல் உள்பக்கமாக வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். உறைந்த பாலை உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; மீண்டும் உறைய வைக்கக் கூடாது.

பாலாடை மேலே ஒதுங்கி நிற்பதைப் பார்த்து என் மாமியார் "திரிஞ்சு போச்சு" என்றார். அது கெட்டதன் அடையாளமல்ல. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர் உள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும். பிறகு சங்கால் புகட்டலாம். குழந்தை குடித்து வைத்த மீதியை 2 மணி நேரத்துக்குப் பின் பயன்படுத்தக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

2021 முதல் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். ஆனால் நம்மோடு பணிபுரியும் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. இப்போது நான் தலைமையாசிரியை. இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்த தற்காலிக ஆசிரியையின் குழந்தைக்கு நான்கு மாதம். இரண்டாம் நாள் தயங்கியபடி, "மேடம், ஸ்டோர் ரூம் சாவி கிடைக்குமா?" என்றார். காரணம் கேட்கவில்லை, எனக்கே தெரியும்.

உள்ளே ஒரு நாற்காலி போட்டோம். சன்னலுக்குத் திரையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்தோம். இடைவேளை போதாத நாளில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பத்து நிமிடம் அவருடைய வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். இதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் பள்ளியிலும் யாராவது சாவி கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கொடுத்துவிடுங்கள்.