கோயில் இட்லியும் கண்ணாடிக் குழாயும்

காஞ்சிபுரத்துக்குப் போய்வந்தவர்கள் மூன்று விஷயங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஒன்று கோயில், இரண்டு பட்டுப் புடவை, மூன்று இட்லி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருக்கும் சோதனைச் சாலையைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் அந்தச் சோதனைச் சாலைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் கூடத்தில் அப்பாவின் தறி ஓடுகிறது. பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் மகள் பின்கட்டில் உட்கார்ந்து, "அயோடின் கருநீலம், பெனடிக்ட் செங்கல் சிவப்பு, பையூரெட் ஊதா" என்று உருப்போடுகிறாள். தறிச் சத்தம் அதற்குத் தாளம் போடுகிறது!

"என்னடி அது, புடவைக் கலரா சொல்லிக்கிட்டிருக்கே?" என்கிறாள் பாட்டி.

பாட்டி கேட்டதில் தவறே இல்லை. செய்முறைத் தேர்வு என்பது நிறம் பார்க்கும் வித்தைதான். அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய பொருள்கள் எல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கின்றன.

ஓர் இட்லி, மூன்று சோதனை

வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் குடலை இட்லியை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் வேகவைப்பது. பிரசாதத்தைச் சோதனைக்கு உட்படுத்தினால் பெருமாள் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறவர்கள் வீட்டு மாவிலேயே செய்து பார்க்கலாம்.

ஆறிய இட்லித் துண்டின் மேல் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் கருநீலம் படரும். அது அரிசியின் மாவுச் சத்து. 1811-ல் பிரான்ஸில் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டெடுத்த பொருள் அயோடின். மாவுச் சத்தின் மூலக்கூறு சுருள் சுருளாக இருக்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால் நீலம் பிறக்கிறது. கொதிக்கும் கஞ்சியில் விட்டுப் பாருங்கள், நீலம் வராது. ஆறட்டும், வந்துவிடும்!

அடுத்தது உளுந்து. ஊறவைத்து அரைத்து வடிகட்டிய நீரில் காஸ்டிக் சோடாக் கரைசல் சேர்த்து, மயில்துத்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா நிறம் வரும். இது புரதத்துக்கு அடையாளம். பையூரெட் சோதனை என்பது இதுதான். மூன்றாவது நெய். இதற்குக் குழாயே வேண்டாம். வடை கட்டி வந்த காகிதம் போதும். தண்ணீர்க் கறை காய்ந்தால் போய்விடும். எண்ணெய்க் கறை போகாது, வெளிச்சத்தில் பளபளக்கும்.

(காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தொட வேண்டும். சோதித்த இட்லியைச் சாப்பிடவும் கூடாது!)

பட்டும் ஒரு புரதம்

அப்பாவின் தறியில் இருக்கும் பட்டும் புரதம்தான். பட்டுப்புழு நூற்கும் இழையின் நடுவில் இருப்பது ஃபைப்ராயின். அதன் மேல் பசைபோலப் பூசியிருப்பது செரிசின். இரண்டுமே புரதங்கள். சாயம் போடுவதற்கு முன்னால் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுக்கிறார்கள். அப்போது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடை குறைந்துபோகும். சொரசொரப்பாக இருந்த நூல் வழவழவென்று மின்னும்.

கொஞ்சம் கச்சாப் பட்டை வெறும் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்த நீரில் பையூரெட் சோதனை செய்தால் உளுந்தில் வந்த அதே ஊதா எட்டிப் பார்க்கும்.

புடவை வாங்குகிற தாய்மார்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. ஓரத்து நூலில் ஒன்றை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். சாம்பல் விரலில் பொடியாகும். முடியும் புரதம், பட்டும் புரதம் அல்லவா? ரேயான் என்கிற செயற்கைப் பட்டு காகிதம் எரியும் வாசனை தரும். ஏனென்றால் காகிதத்தைப்போல அதுவும் செல்லுலோஸ். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். பல மாதச் சேமிப்பைப் புடவைக் கடையில் கொடுப்பவர்களுக்கு இந்த வேதியியல் வீண் போகாது.

உடம்பும் ஒரு தறி

வெங்காயச் சருகை உரித்து அயோடின் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், கட்டம் போட்ட புடவையை விரித்ததுபோல் செல்கள் வரிசையாகத் தெரியும். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் இத்தகைய அறைகளைப் பார்த்துத்தான் 'செல்' என்று பெயர் வைத்தார். செல்கள் சேர்ந்து நிற்பதைத் திசு என்கிறோம். இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரியுமா? பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நெய்தது' என்று பொருள்! திசுவைப் பற்றிய சாஸ்திரத்துக்கு ஹிஸ்டாலஜி என்று பெயர். 'ஹிஸ்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் தறியைக் குறிப்பதுதான். பெயர் வைத்தவர்களுக்கு நம் உடம்பைப் பார்த்ததும் நெசவுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அதை அமைக்கின்றன என்று 1925-லேயே கணித்தார்கள். பசை நீக்கிய ஒற்றைப் பட்டிழையின் குறுக்களவுக்குள் ஆயிரம் சவ்வுகளுக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு மெல்லியது!

மெல்லியதானாலும் கெட்டிக்காரக் காவல்காரன். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை எல்லோரும் கும்பிட்டிருப்பீர்கள். அந்த மரத்தில் கை வைக்க வேண்டாம். சந்தையில் வடு வாங்கி உப்பில் போடுங்கள். மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். நாம் ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது? உப்பு இழுக்க, செல்லுக்குள் இருந்த நீர் சவ்வு வழியாக வெளியே வந்துவிட்டது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்கிறார்கள்.

பீட்ரூட் துண்டை நன்றாகக் கழுவிக் குளிர்ந்த நீரில் போட்டால் நீர் அநேகமாகத் தெளிவாகவே இருக்கும். அதையே சுடுநீரில் போட்டால் சாயத் தொட்டிபோலச் சிவந்துவிடும். சூட்டில் சவ்வு குலைந்ததும் காவல் போயிற்று, சாயம் ஓடிவிட்டது!

வராத நிறம்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பெனடிக்ட் கரைசல் நீல நிறம். குளுக்கோஸுடன் கொதிக்கவைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் சிவப்பாகும். தேனில் செய்தாலும் சிவக்கும். வெள்ளைச் சர்க்கரையில் செய்தால்?

நீலம் நீலமாகவே நிற்கும்!

மாணவி திகைத்துப்போவாள். "சர்க்கரைக்குச் சிவப்பு என்றுதானே படித்தோம்?" பக்கத்துத் தோழி, "சிவப்பு என்றே எழுதிவிடு. மதிப்பெண் போய்விடும்" என்பாள். பல நோட்டுப் புத்தகங்களில் வராத நிறம் வந்தது இப்படித்தான்.

உண்மையில் அந்த நீலத்தில்தான் பாடமே இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த ஜோடி. இரண்டும் கையோடு கை கோத்து நிற்பதால் கரைசலிலுள்ள தாமிரத்தைத் தொட அவற்றுக்குக் கை ஒழிவதில்லை. சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து ஜோடியைப் பிரித்து, சோடா உப்பால் அமிலத்தை முறித்து, மறுபடி சோதித்தால் சிவப்பு தானாக வரும். முதலில் பொய் எழுதியவளுக்கு இந்த அதிசயம் கிடைக்காது.

வெறும் மதிப்பெண் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1922-ல் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள், ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை நோயாளியின் சிறுநீரை இதே பெனடிக்ட் கரைசலில் கொதிக்கவைத்து, வந்த நிறத்தைக் கொண்டுதான் நோயின் நிலையைக் கணித்தார்கள். பச்சையைச் சிவப்பென்று ஒருவர் எழுதினால் மருந்தின் அளவு மாறும். ஓர் உயிர் ஊசலாடும். இன்று ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவி அளந்து சொல்லிவிடுகிறது. ஆனாலும் கருவி சொன்னதை உள்ளபடி எழுதுகிற கை வேண்டுமே!

அந்தக் கைக்குப் பயிற்சி தரும் இடம் பள்ளிக்கூடச் சோதனைச் சாலை. முன் கூடத்தில் அப்பாவும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வையில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துகிறார். முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார். மறைத்துவிட்டுப் போனால் புடவை காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மகள் நோட்டில் எழுதுகிறாள்: "வெள்ளைச் சர்க்கரை. நிற மாற்றம் இல்லை."

"என்னடி, கலர் வரலையா?" என்கிறாள் பாட்டி.

"வரல்லே பாட்டி. ஏன் வரல்லேன்னு கண்டுபிடிச்சாச்சு!"