பழைய லொறிச் சில்லுகளைத் துப்புரவாக்கித் தீந்தை பூசுதலும் சமப்படுத்தலும்

நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் ஏற்றும் இழுவைப் பெட்டிகளுக்கும் சிறு லொறிகளுக்கும் கமக்காரர் பலர் கழிக்கப்பட்ட லொறிகளின் சில்லுகளையே வாங்கிப் பூட்டுகின்றனர். இது சிக்கனமான வழியேயாம். ஆயின், வாங்கிய சில்லைச் சற்றே சுரண்டி, மேலே தீந்தையைத் தடவிவிட்டால் வேலை முடிந்ததென எண்ணுவது தவறு. தீந்தை வெடிப்பை மூடி மறைக்கும். வெடித்த உருக்கை ஒட்டவைக்காது. எனவே சில்லின் நன்மை தீமைகளைத் தீந்தை பூசுமுன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலிற் கவனிக்க வேண்டியது காற்று. ரயரிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றாமல் ஒரு நட்டையேனும் தளர்த்தலாகாது. வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று நின்ற பின்னர் மெல்லிய கம்பியொன்றை வால்வினுள்ளே செலுத்திப் பார்த்தல் வேண்டும். சேறோ கறளோ துவாரத்தை அடைத்திருந்தால், காற்று உள்ளே இருக்கவும் வெளியேறிவிட்டது போலத் தோன்றும். இரட்டைச் சில்லாயின் இரண்டினதும் காற்றை வெளியேற்றுக. சிலவகைச் சில்லுகள் இரு பாதிகளாகச் செய்து போல்றுகளால் இணைக்கப்பட்டவை. குடத்தில் மாட்டும் நட்டுக்களென எண்ணி அப்பாதிகளை இணைக்கும் நட்டுக்களைக் கழற்றினால், உள்ளிருக்கும் காற்று சில்லைப் பிளந்து எறிந்துவிடும்.

பூட்டு வளையமுள்ள பழைய றிம்களும் இத்தகைய ஆபத்துடையனவே. வளையம் கறள் தின்று சரியாகப் பொருந்தாவிடின், காற்றடிக்கும்போது அது பாய்ந்து எதிரில் நிற்பவரைக் கொல்லக்கூடும். இவ்வாறான விபத்துக்களைத் தடுக்கும் பொருட்டே, ஐக்கிய அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டில், இத்தகைய சில்லுகளுக்கு இரும்புக் கூட்டினுள் வைத்தே காற்றடித்தல் வேண்டுமென வேலைத்தலங்களுக்கு விதி செய்யப்பட்டது. இவ்வகைச் சில்லைக் கமக்காரர் தாமே கழற்ற முற்படாமல், கூடும் பயிற்சியும் உள்ள ரயர்க் கடைக்குக் கொண்டுசெல்வதே தக்கது. ஒரு சில்லின் வளையத்தை வேறொன்றுக்கு மாற்றிப் போடுதல் எக்காரணத்தாலும் கூடாது.

ரயரைக் கழற்றிய பின்னர் சில்லை நல்ல நீரினால் கழுவுக. வயற்சேறு மாத்திரமன்றிப் பசளையும் உருக்கைத் தின்னும். மியூரியேற்றுப் பொட்டாசு குளோரைட்டு உப்பாதலால், பசளை ஏற்றும் பெட்டிகளின் சில்லுகளில் கறள் விரைவாக ஏறும். கரையோரத்து உப்புக்காற்றும் அவ்வாறே செய்யும். எண்ணெயும் கிறீசும் இருப்பின் அவற்றையும் நீக்கிய பின்னரே சுரண்டுதல் வேண்டும். பழைய தீந்தையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு, சிறப்பாகப் பிள்ளைகளுக்கு, மிகுந்த கேடு செய்யும். ஆகையால் நனைத்துத் தேய்த்தல் நன்று. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கிணற்றுக்கும் சமையலறைக்கும் தொலைவில் இவ்வேலையைச் செய்க. தீந்தையை நெருப்பால் எரித்து நீக்குதல் கூடாது. ரயர் பூட்டியிருக்கும் றிம்மில் நெருப்புப் பிடித்தலோ ஒட்டுவேலை செய்தலோ அதனிலும் கொடியது. காற்று இறக்கியிருந்தாலும், சூடேறிய இறப்பரிலிருந்து எழும் வாயு வெடித்துவிடும்.

இனிப் பரிசோதனை. கம்பித் தூரிகையால் உருக்கு வெளிப்படும்வரை தேய்த்த பின்னர், நல்ல வெளிச்சத்தில் மூன்று இடங்களை நோக்குக. ஒன்று, போல்ற்றுத் துவாரங்கள். துவாரத்திலிருந்து கறட்கோடுகள் கதிர் போலப் பரவியிருந்தால், அச்சில்லு நட்டுத் தளர்ந்த நிலையில் ஓடியதென அறியலாம். துவாரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், துவாரங்களுக்கிடையே மயிரளவு வெடிப்புக் காணப்பட்டாலும் அச்சில்லைக் கழித்துவிடுக. வெடிப்பை ஒட்டித் தருவதாகச் சொல்வோர் உளர். அவ்வாறு ஒட்டிய சில்லை நம்பிப் பாரமேற்றலாகாது. இரண்டாவது, சில்லின் தட்டும் வளையமும் இணையும் மூட்டு. மூன்றாவது, ரயரின் விளிம்பு அமரும் இடம். இங்கே கறள் குழி குழியாகத் தின்று உருக்கு மெலிந்திருந்தால் எத்தனை பூச்சுப் பூசியும் பயனில்லை. வளைவு உண்டோவென்பதை அறிய, சில்லைக் குடத்திற் பூட்டிச் சுழற்றி, அருகே ஒரு கோலை அசையாமல் நிறுத்திப் பார்த்தாற் போதும்.

றிம்மிற் பொறித்த அளவும் ரயரிற் பொறித்த அளவும் ஒன்றாதல் வேண்டும். அரை அங்குல வேற்றுமையும் ரயரின் விளிம்பை அறுத்து வெடிக்கச் செய்யவல்லது. நட்டின் முகம் கூம்பாயின் துவாரமும் கூம்பாயிருத்தல் அவசியம்.

சுத்தமாக்கிய உருக்கு, நம் நாட்டு ஈரக்காற்றில் ஒரே இரவிற் கறள் பிடிக்கும். ஆகவே தேய்த்த அன்றே கறள் தடுக்கும் அடிப்பூச்சைப் பூசுக. அது காய்ந்த பின்னர் மேற்பூச்சு இடலாம். குடத்துடன் பொருந்தும் முகத்திலும் நட்டு அமரும் இடத்திலும் அடிப்பூச்சை மெல்லிதாகப் பூசி நிறுத்துக. மேற்பூச்சு அங்கே வேண்டாம். அவ்விடங்களில் தீந்தையின் தடிப்பு எழுதும் தாளொன்றின் தடிப்பை எட்டலாகாது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும், ஓடும்போது தடித்த தீந்தை நசுங்கி விலக, அந்த இறுக்கம் குறைந்துவிடும். புதிதாகத் தீந்தை பூசிய சில்லுகள் கழன்றோடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அழகாக இருக்கட்டுமென நட்டுக்களுக்கும் சேர்த்துத் தீந்தை பூசும் வழக்கம் விடத்தக்கது. நகத்தால் அழுத்தித் தடம் பதியாத அளவுக்குக் காயும்வரை சில்லைப் பூட்டாதீர்கள்.

சமப்படுத்தல் எல்லாச் சில்லுக்கும் வேண்டியதன்று. பாரச்சமமின்மையால் எழும் உதறல் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். வேகம் மும்மடங்கானால் உதறல் ஒன்பது மடங்காகும். நிலத்திலிருந்து அச்சு அரை மீற்றர் உயரத்திலுள்ள சில்லொன்றில், அச்சிலிருந்து கால் மீற்றர் தூரத்தில் 200 கிராம் சேறு ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீற்றரில் அதன் இழுப்பு ஏறக்குறைய அறுநூறு கிராம் பாரத்துக்கு ஒப்பாகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் அதுவே ஐந்தரைக் கிலோவுக்கு மேலாகி, வினாடிக்கு ஐந்து முறை அச்சை உதறும். ஆகவே உழவு யந்திரத்தின் பின்னே மெல்லச் செல்லும் பெட்டிக்குச் சேற்றை வழித்தலே போதுமானது. தம்புள்ளைச் சந்தைக்கு நெடுந்தூரம் ஓடும் லொறிக்கோ, சிறப்பாக முன்சில்லுகளுக்கு, சமப்படுத்தல் இன்றியமையாதது. இல்லையேல் ரயர் ஆங்காங்கே குழிந்து தேயும், சுக்கானும் நடுங்கும்.

இதனை ரயர்க் கடை இயந்திரத்திற் செய்வதே திருத்தமானது. வீட்டிற் சோதிக்க விரும்புவோர், அச்சைத் தூக்கி உறுதியான தாங்கியில் நிறுத்தி, தடையின்றிச் சுழலும் குடத்தில் சில்லைப் பூட்டி மெதுவாகச் சுழற்றிவிடுக. ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அவ்விடமே பாரமானது. அதற்கு நேரெதிரே றிம்மின் விளிம்பில் சமநிலைக் கட்டியை மாட்டி, சில்லு எந்நிலையிலும் நிற்கும்வரை திருத்துக. தீந்தை பூசுமுன் கழற்றிய பழைய கட்டிகளை முன்னைய இடத்திலேயே மாட்டுவதாற் பயனில்லை; ரயரை மீண்டும் பூட்டும்போது பாரம் இடம் மாறியிருக்கும்.

நட்டுக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குக. முதற் பாரத்துடன் ஓடிய பின்னரும், பின்னர் 80 தொடக்கம் 160 கிலோமீற்றருக்கு இடையிலும் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். அப்போது நட்டைச் சுற்றிப் புதிய கறட்கோடோ உரிந்த தீந்தையோ தென்பட்டால், பாரத்தை இறக்கிச் சில்லைக் கழற்றிப் பார்க்குக.